காத்திருக்கும் பக்கம்

ஸ்கேன் மையத்தின் படிக்கட்டு ஜன்னலில் நின்றால் எதிர்ச்சாரி மருத்துவமனையின் மூன்றாம் மாடி தெரியும். அங்கே மருத்துவர் ஒருவர் நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு திரையைப் பார்த்திருப்பதும் தெரியும். அவர் பார்க்கும் படம் பெரும்பாலும் இந்தக் கட்டடத்தில் எடுக்கப்பட்டதாகவே இருக்கும். ஆயினும் அது தெருவைக் கடந்து அங்கே போவதில்லை. இங்கிருந்து நகரத்தின் எல்லைக்குச் சென்று, அங்கிருந்து தொலைவிலுள்ள மாநகர் ஒன்றில் பெரிய நிறுவனத்தின் கட்டடத்தை அடைந்து, அங்கே கைமாறி, வேறொரு வழியாகத் திரும்பி வந்து, எதிர்ச்சாரியின் மூன்றாம் மாடியில் ஏறும். இவ்வளவும் கண்ணிமைப்பதற்குள் நடந்துவிடுவதால் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

குறை சொல்லும் வேளை இப்போது வந்திருந்தது. வியாழக்கிழமை காலையில் எல்லைச் சாலையைத் தோண்டப் போகிறார்கள். சாலைக்கு அடியில் போகும் கேபிளை எடுத்து வேறு தடத்தில் பதிக்கும்வரை இந்தச் சாரியில் தன் சிறு நிறுவனத்தின் வழியாக அவள் கொடுத்துவரும் இணைய இணைப்பு எதுவும் இயங்காது. கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் கைப்பேசியை வைத்துச் சமாளித்துக்கொள்வதாகப் பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார்கள். ஸ்கேன் மையத்து டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை.

"என்னால போன்ல சமாளிக்க முடியாதும்மா. ஒரு படம் போய்ச் சேர்றதுக்குள்ள நோயாளி வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்துருவார். அந்தப் பக்கம் ஆப்பரேஷன் டேபிள்ல ஆளை வச்சுக்கிட்டு என் படத்துக்காகக் காத்திருப்பாங்க."

"நாளைக்குக் காலையில எதிர்ச்சாரிக்கு நேர் இணைப்பு இருக்கும் டாக்டர்."

"போன வாரமும் இதைத்தான் சொன்னே."

"போன வாரம் கேபிள் இழுத்தாச்சு. இனி ரெண்டு பக்கத்து ரௌட்டரும் பேசணும், அவ்வளவுதான்."

"அது பேசலைன்னா?" டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மறைக்க விரும்பல. உன் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டுட்டேன், அவர் லைனை எனக்கு நேராவே கொடுக்க முடியுமான்னு."

"என்ன சொன்னான்?"

"வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்கன்னு சொன்னார்."

அவள் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினாள். எதிர்ச்சாரிக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் அண்ணனிடம் ஸ்கேன் மையம் போனால் அதே கட்டடத்து மருந்துக்கடையும் பல் மருத்துவரும் கூடவே போவார்கள். அதன்பின் நிறுவனம் என்று சொல்லிக்கொள்ள அவளிடம் ஒரு பெயர்ப்பலகை மிஞ்சும். அண்ணன் மறுத்திருந்தால் அவனை நல்லவன் என்று நினைத்திருக்கலாம். ஒப்புக்கொண்டிருந்தால் வெளிப்படையானவன் என்றாவது நினைத்திருக்கலாம். பொறுங்கள் என்று சொன்னவன், தங்கை தானாகவே தோற்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான் என்றே அவளுக்குத் தோன்றியது.

அப்பா இருந்தவரை அது ஒரே நிறுவனம். அண்ணன் வாடிக்கையாளர்களிடம் பேசுவான்; அவள் ரௌட்டர்களிடம் பேசுவாள். அப்பா போன பிறகு மருத்துவமனையில் ஒரு கூட்டம் நடந்தது. இணைப்பு ஏன் அடிக்கடி அறுகிறது என்பதை அவள் எழுந்து நின்று விளக்கினாள். பழுது மருத்துவமனையின் சொந்தப் பெட்டியில்தான் இருந்தது. நிர்வாகி அவளைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்து, "இவங்க சொல்றது சரிதானா?" என்று கேட்டார். அண்ணன், "நான் ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்" என்றான். அவ்வளவுதான் நடந்தது. அவன் பார்த்தான், அவள் சொன்னது சரியாகவே இருந்தது, அதை அவன் நிர்வாகியிடம் சொன்னான், அவளிடம் சொல்லவில்லை. அந்த மாத முடிவில் அவள் தெருவின் இந்தச் சாரியை எடுத்துக்கொண்டு தனியாக வந்துவிட்டாள்.

பிரிவினையில் சண்டை இல்லை. வாடிக்கையாளர்களைச் சாரிவாரியாகப் பிரித்தார்கள். ரௌட்டர்களையும் மேசைகளையும் பிரித்தார்கள். அவள் எழுதிவைத்திருந்த மாதிரிக் கோப்பை மட்டும் பிரிக்க முடியாது என்பதால் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டார்கள். புதிய இணைப்பு எதைத் தொடங்கினாலும் அந்தக் கோப்பைத் திறந்து, எண்களை மட்டும் மாற்றி, ரௌட்டரில் ஏற்றிவிடுவது அந்த அலுவலகத்தின் வழக்கம். வழக்கம் இரண்டு அலுவலகங்களிலும் தொடர்ந்தது. பேச்சு தொடரவில்லை. அண்ணன் கூப்பிட்டால் பேசுவதற்கு அவள் தயாராகத்தான் இருந்தாள்.

நேர் இணைப்புக்கான ஏற்பாடுகூட மின்னஞ்சலிலேயே நடந்தது. இந்தப் பக்கத்துத் 'தொழில்நுட்பப் பிரிவு' அந்தப் பக்கத்துத் 'தொழில்நுட்பப் பிரிவு'க்கு எழுதியது. அந்தப் பிரிவு ஒப்புதல் தெரிவித்துப் பதில் எழுதியது. இரண்டு பிரிவுகளும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை என்பது கடிதங்களில் எங்கும் தென்படவில்லை.

அலுவலகம் ஒரு கணக்கர் அலுவலகத்துக்கும் தையற்கடைக்கும் நடுவே இருந்தது. முன்னறையில் இரண்டு மேசைகள். பின்னறையில் ஆளுயரத்து இரும்புச் சட்டகத்தில் ரௌட்டரும் மற்றப் பெட்டிகளும். அவள் பின்னறை முக்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

இரண்டு ரௌட்டர்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்குவதற்கு வேண்டியவை அதிகமில்லை. ஒவ்வொன்றும் எதிராளியின் முகவரியை அறிந்திருக்க வேண்டும். எதிராளியின் நிறுவன எண்ணை அறிந்திருக்க வேண்டும். இருவருக்கும் பொதுவான ஒரு கடவுச்சொல் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதிவைத்தால் போதாது. அவன் ரௌட்டர் இவளுடையதை அண்டை என்று அறிவிக்க வேண்டும். இவள் ரௌட்டர் அவனுடையதை அண்டை என்று அறிவிக்க வேண்டும். அறிவிப்புகள் பொருந்திவிட்டால் செஷன், அதாவது இரண்டுக்கும் இடையிலான பேச்சு, எழும். அதன்பின் ஒவ்வொன்றும் தன்னிடம் யார் யார் இருக்கிறார்கள் என்பதை மற்றதற்குச் சொல்லும். ஸ்கேன் மையத்தின் படம் ஊரைச் சுற்றாமல் தெருவைக் கடக்கும்.

மூன்றையும் அவள் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். பிழை இல்லை. திரையில் அண்ணனின் முகவரிக்கு நேரே 'ஆக்டிவ்' என்று இருந்தது. அந்தச் சொல்லை நம்பி மகிழ்ச்சியடைபவர்கள் இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள். இணைப்பு எழவில்லை என்பதையே ரௌட்டர் அவ்வளவு சுறுசுறுப்பான சொல்லால் தெரிவிக்கும். காலையிலிருந்து அது மாறவில்லை.

வாசலில் செருப்பைத் தேய்க்கும் ஓசை கேட்டது. ஃபைபர் கேபிள்களை ஒட்டித் தருபவர் வந்திருந்தார். அறுந்த கண்ணாடி இழைகளை ஒட்டவைப்பது அவர் தொழில் என்பதாலும், உட்கார்ந்தால் எழமாட்டார் என்பதாலும் அவருக்குப் பசை என்று பெயர். இரண்டு சாரிக்கும் அவரே வேலை செய்வார்.

"என்ன, பின்னாடி உக்காந்து பெட்டிக்குப் பாட்டுப் பாடிக்கிட்டு இருக்கீங்களா?"

"கேபிள் நல்லாத்தானே இருக்கு?"

"அட, என் ஒட்டு மேலயே சந்தேகமா? காலையிலதான் அளந்தேன். இந்த முனையில விட்ட வெளிச்சம் அந்த முனையில அப்படியே வருது. கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஜொலிக்குது."

"வெளிச்சம் வருது. அண்ணன் பெட்டியோட முகவரிக்குச் சும்மா ஒரு சோதனை அனுப்பினா பதிலும் வருது. செஷன் மட்டும் எழல."

"அதான் அங்கேயும் சொல்றாங்க." பசை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அங்கேயிருந்துதான் வர்றேன். உங்க அண்ணனும் இப்படித்தான் முக்காலியில உக்காந்து, மோவாயில கை வச்சுக்கிட்டு, திரையை முறைச்சுக்கிட்டு இருக்கார். ரெண்டு பேரும் ஒரே அச்சு. நடுவுல தெரு மட்டும் இல்லைன்னா கண்ணாடின்னு நினைச்சுக்குவேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"கேபிள் நல்லாத்தானே இருக்குன்னு கேட்டார். இனி யாராவது அதைக் கேட்டா நான் தொழிலை விட்டுட்டுச் சாமியாராப் போயிடுவேன்னு சொன்னேன்."

"வேணும்னே செய்யாம வச்சிருக்கானோ?"

ஒட்டும்போது இழைகளின் இரு முனைகளையும் உருப்பெருக்கியில் பார்ப்பவரைப்போலப் பசை அவளைப் பார்த்தார்.

"வேணும்னே செய்யாம இருக்கிறவங்களுக்கு நெத்தி வேர்க்காது" என்றார். "அவருக்கு வேர்த்துது."

அவள் கைப்பேசி அதிர்ந்தது. அண்ணி. அண்ணன் நிறுவனத்தின் கணக்குவழக்குகளைப் பார்ப்பது அண்ணிதான். பேச்சு நின்ற நாளிலிருந்து இரு வீடுகளுக்கும் நடுவே நின்று செய்திகளைக் கைமாற்றிவிடுவதும் அவர்தான்.

"சொல்லுங்க அண்ணி."

"நான் என்னத்தச் சொல்ல? உங்கண்ணன் கேக்கச் சொல்றார். நீ எங்க நிறுவன எண்ணைச் சரியாப் போட்டிருக்கியான்னு."

"போட்டிருக்கேன். அவன் எங்க எண்ணைப் போட்டிருக்கானான்னு கேளுங்க."

அண்ணி கேட்டார். பின்னாலிருந்து அண்ணனின் குரல் தெளிவாக வந்தது: "போட்டாச்சுன்னு சொல்லு."

"போட்டாச்சாம்."

"கேட்டுச்சு அண்ணி."

"கேட்டுச்சுல்ல? அப்போ நீயே அவர்கிட்ட நேராப் பேசேன். எனக்குப் பாதி வார்த்தை வாயிலயே நுழைய மாட்டேங்குது. போன தடவை கடவுச்சொல் கேட்டீங்க, நான் எங்க வீட்டு அலமாரிப் பூட்டோட நம்பரைச் சொல்லிட்டேன்."

பசை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"கடவுச்சொல்லையும் ஒரு தடவை சரிபாக்கச் சொல்லுங்க" என்றாள்.

"கடவுச்சொல்லைச் சரிபாக்கணுமாம்" என்று அண்ணி அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார். பிறகு, தன் கேள்வியாக, "ஏங்க, அவ பக்கத்தையும் ஒரு தடவை நாம பாத்துரலாமா? இங்கிருந்து யாரையாவது அனுப்பி?" என்றார்.

"வேண்டாம்." அண்ணனின் குரல் உயரவில்லை. "அவ சரின்னு சொன்னா சரியாத்தான் இருக்கும். மறுபடி போய்ப் பாக்க ஒண்ணுமில்ல. தப்பு வேற எங்கயோ இருக்கு, நான் தேடறேன்."

அண்ணி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பதிலுக்கு ஏதோ முனகிவிட்டுக் கைப்பேசியை மடியில் வைத்தாள். சட்டகத்தின் விசிறிகள் ஒரே சுருதியில் சுழன்றுகொண்டிருந்தன. பசை, தம்மை யாரும் அழைக்காத முன்னறைக்குத் தாமாகவே எழுந்து போனார். அவர் வரலாற்றில் அது அரிய நிகழ்ச்சி.

அவன் கெடுதல் நினைக்கவில்லை என்று வைத்துக்கொண்டால் கணக்கு மாறிவிடுகிறது. அவன் பக்கம் சரி. இவள் பக்கம் சரி. கேபிள் சரி. ஆனாலும் செஷன் எழவில்லை. அப்படியானால் பிழை இருவரில் ஒருவரிடம் இல்லை. இருவரிடமும் சேர்ந்தே இருக்கிறது.

அவள் ரௌட்டரின் பதிவைத் திறந்தாள். நிறுவன எண் தவறாக இருந்தால் பதிவில் ஒரு முறையீடு விழுந்திருக்கும். கடவுச்சொல் பொருந்தாவிட்டாலும் ஒரு முறையீடு விழுந்திருக்கும். அண்ணனின் முகவரியைக் குறித்து ஒரு வரிகூட இல்லை. காலையிலிருந்து அந்த முகவரியிலிருந்து யாரும் கதவைத் தட்டவே இல்லை. தட்டித் திருப்பி அனுப்பப்பட்டதாகவும் இல்லை.

அவள் மாதிரிக் கோப்பைத் திறந்து, எண்கள் இருக்கும் மேற்பகுதியைத் தாண்டி, வழக்கமாக யாரும் படிக்காத கீழ்ப்பகுதிக்கு வந்தாள். அங்கே 'பாசிவ்' என்று ஒரு வரி இருந்தது. எதிராளி கூப்பிடும்வரை காத்திரு, நீயாகக் கூப்பிடாதே என்று ரௌட்டருக்குச் சொல்லும் வரி அது. அதற்கு மேலே, அவளே எழுதிய குறிப்பு, நிறுத்தக்குறிகள் பிசகாமல் நின்றது: 'நம் பக்கம் எப்போதும் காத்திருக்கும் பக்கம், வாடிக்கையாளரே முதலில் வரட்டும்.'

எழுதிய நாள் அவளுக்கு நினைவிருந்தது. கடைகளைச் சாத்தும்போது வாடிக்கையாளர்கள் தங்கள் பெட்டிகளையும் அணைத்துவிட்டுப் போவார்கள். அலுவலக ரௌட்டர் அது தெரியாமல் அவற்றை இடைவிடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். பதிவு முழுவதும் பதிலில்லை, பதிலில்லை என்று நிரம்பிக் கிடக்கும். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "பூட்டுன கடையை எவனாவது தட்டிக்கிட்டே நிப்பானா? கடையத் திறந்ததும் அவங்களே வருவாங்க" என்றார். நல்ல யோசனைதான். இணைப்பின் எதிர்முனையில் எப்போதும் வாடிக்கையாளர்கள் இருந்தவரை நல்ல யோசனைதான். அந்த வரியால் இத்தனை காலம் ஒரு தீங்கும் வந்ததில்லை, ஏனெனில் அதே கோப்பிலிருந்து அமைக்கப்பட்ட இரண்டு ரௌட்டர்கள் இதற்குமுன் ஒன்றையொன்று எதிர்கொண்டதில்லை.

இரண்டு ரௌட்டர்களும் அண்டையின் பெயரைச் சரியாக எழுதி வைத்துக்கொண்டு, கதவைத் திறந்தும் வைத்துக்கொண்டு, மற்றது வரும் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருந்தன.

செய்யவேண்டியது ஒரே வரியை நீக்குவது. எந்தப் பக்கம் நீக்கினாலும் போதும். அண்ணியைக் கூப்பிட்டு, அவன் பக்கத்தில் நீக்கச் சொல்லலாம். அது முறையானதும்கூட, பெரிய ரௌட்டர் அவனிடம் இருக்கிறது, வாடிக்கையாளர்களும் அவனிடம் அதிகம். காரணங்களை அவள் வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொன்றும் இலக்கணப் பிழையின்றி இருந்தது. அடுக்கிக்கொண்டிருக்கையிலேயே, காரணம் தேட வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்ற கேள்வியும் வரிசையில் வந்து நின்றுகொண்டது.

ஜன்னலுக்கு வெளியே, சாலை தோண்டும் இயந்திரத்தை ஏற்றிவந்த லாரி ஒன்று திரும்ப இடமின்றிப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. அவள் விசைப்பலகையை அருகில் இழுத்து, அந்த வரியை நீக்கும் கட்டளையைத் தட்டினாள். யாருக்கும் சொல்லவில்லை.

மூச்சை இழுத்து விடுவதற்குள் 'ஆக்டிவ்' மறைந்தது. செஷன் எழுந்துவிட்டது என்று திரை காட்டியது. அண்ணனின் ரௌட்டர் தன்னிடமுள்ள முகவரிகளைச் சொல்லத் தொடங்கியது. அவற்றில் மருத்துவமனையும் இருந்தது. அவள் தன் முகவரிகள் போய்ச் சேர்ந்தனவா என்று பார்த்துவிட்டு, ஸ்கேன் மையத்துக்குக் கூப்பிட்டு ஒரு படம் அனுப்பிப் பார்க்கச் சொன்னாள்.

"போயிடுச்சும்மா" என்றார் டாக்டரம்மா. "இரு, ஜன்னல்கிட்ட வந்துட்டேன். அந்தாளு நாற்காலியை நிமித்திட்டார். பாக்கறார். கையைக்கூட ஆட்டறார்." பிறகு, "உங்கண்ணன்கிட்ட, ஏன் பொறுக்கச் சொல்றீங்கன்னு கேட்டேன் தெரியுமா? என் தங்கச்சி செஞ்சு முடிச்சிடுவா, நடுவுல நான் வந்தா நல்லாருக்காதுன்னார். அதை உன்கிட்டச் சொல்லலாமா வேண்டாமான்னு காலையில யோசிச்சேன்" என்றார்.

"சொல்லியிருக்கலாம் டாக்டர்."

"நீ படியிறங்குன வேகத்துல எங்க சொல்ல?"

அவள் கடமைக்காகப் பதிவை மீண்டும் ஒருமுறை பார்த்தாள். செஷன் எழுந்ததற்கு முந்திய வரியில் அவள் எதிர்பாராத ஒன்று இருந்தது. ஒரே அண்டையுடன் ஒரே நேரத்தில் இரண்டு அழைப்புகள். அவற்றில் ஒன்று கைவிடப்பட்டது.

அவள் அதை இருமுறை படித்தாள். இவளுடைய ரௌட்டர் அவனைக் கூப்பிட்ட அதே கணத்தில் அவனுடைய ரௌட்டர் இவளைக் கூப்பிட்டிருக்கிறது. காத்திருக்கும் வரி அங்கே இன்னும் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. அந்த முக்காலியிலும் ஒருவன் பதிவைத் திறந்திருக்கிறான், ஒரு முறையீடும் இல்லாததைப் பார்த்திருக்கிறான், கோப்பின் கீழ்ப்பகுதிக்கு வந்திருக்கிறான், யாருக்கும் சொல்லாமல் நீக்கியிருக்கிறான்.

இருவரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு ரௌட்டர்களிடம் விதி உண்டு: அடையாள எண் பெரியதாக உள்ளவரின் அழைப்பு நிலைக்கும், மற்றது விலகிக்கொள்ளும். அண்ணனுடைய எண் பெரியது. எனவே நிலைத்தது அவன் அழைப்பு, விலகியது இவளுடையது. அவன் பக்கத்துப் பதிவிலும் இதே வரி இருக்கும். அவனும் இப்போது அதைப் படித்துக்கொண்டிருப்பான்.

அவள் கைப்பேசியை எடுத்து, பெயர்ப்பட்டியலில் மிகக் கீழே போய்விட்டிருந்த எண்ணைத் தேடி அழுத்தினாள். எண் வேறோர் அழைப்பில் இருப்பதாக ஒரு பெண்குரல் பணிவோடு தெரிவித்தது. வைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். அதே குரல், அதே பணிவு. மனிதர்களின் தொலைபேசிக்கு அப்படியொரு விதியை யாரும் எழுதிவைக்கவில்லை.

மூன்றாம் முறை அழுத்தப் போகையில் அண்ணியிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கூப்பிட்டா எப்படிம்மா கிடைக்கும்? அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கி மேசைமேல வச்சிருக்கேன். நீ கூப்பிடு.'

அவள் கூப்பிட்டாள். மணி முழுதாக ஒருமுறை அடிப்பதற்குள் எடுக்கப்பட்டது.

"பாசிவை எடுத்தியா?" என்றான் அண்ணன்.

"எடுத்தேன். நீயும்தானே எடுத்தே."

"ம். பதிவைப் பாத்தேன்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "உன் அழைப்பைத்தான் தள்ளிடுச்சு."

"விதி அப்படி. உன் எண் பெருசு."

"வேணும்னா எண்ணை மாத்திக்கலாம்."

"வேண்டாம் அண்ணா. ஓடற செஷனைத் தொட வேண்டாம்."

"சரி" என்றான். போனை வைக்கவில்லை. பின்னால் அண்ணி யாரிடமோ தேநீர் கேட்டுக்கொண்டிருந்தார். "அன்னைக்கு அந்த மருத்துவமனைப் பெட்டி" என்று தொடங்கி நிறுத்தினான். பிறகு ஒரே மூச்சில், "பாத்தேன். நீ சொன்னதுதான் சரி. அப்பவே சொல்லியிருக்கணும்" என்றான்.

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும். ஆனா சொல்லலையே."

அவள் மடிக்கணினியில் மாதிரிக் கோப்பைத் திறந்து, தன் பழைய குறிப்பின் முன்னே சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"கோப்பை மாத்தணும்" என்றாள். "அந்த வரி வாடிக்கையாளருக்கு மட்டும்னு எழுதணும். இல்லைன்னா அடுத்த தடவையும் இதே கதைதான்."

"நீயே எழுது. நான் எழுதினா நீ திருத்துவே."

"எழுதிட்டு அனுப்பறேன்."

"தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பாத" என்றான் அண்ணன். "எனக்கு அனுப்பு."